ஒன்பது பி வாய் மூடிய வாரம்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. ரோட்டின் ஒரு பாதியில் நெல் கொட்டியிருக்கிறார்கள், மறு பாதியில் பஸ் ஊர்கிறது. உத்திரமேரூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இருபத்தைந்து நிமிடம்; இன்று நாற்பது. தாமதப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் ‘நெல்’ என்று எழுதினேன். எச்.எம். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது, மேலதிகாரி ஜோக் சொன்ன அன்று மட்டும்தான்.

வாங்க வேண்டியவை: முட்டி வலித் தைலம். உளுந்து ஒரு கிலோ. சிவப்புப் பேனா.

புதுக் கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். பெயர் தினேஷ். போட்டித் தேர்வு எழுதி நேரடி நியமனம். ஆறு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தாராம். முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. எந்தத் தேற்றத்தைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்கிறார். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஒன்பது பி என் வகுப்பு. நான் வகுப்பாசிரியை, சயின்ஸ் டீச்சர். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் காரணம் நான் இல்லை. கன்னியம்மா.

கன்னியம்மா ஒன்றரை வருஷமாக இங்கே கணக்கு நடத்துகிறாள். தற்காலிகம். நிரந்தர ஆள் வரும்வரை பெற்றோர் குழு கூடி அமர்த்திய டீச்சர். ஏரிக்கரைக் காலனிப் பெண்; பள்ளிக்கூடத்து மணி அவள் வீட்டுக்குக் கேட்கும். பி.எஸ்சி., பி.எட். முடித்தாயிற்று, தகுதித் தேர்விலும் பாஸ், அரசு வேலைதான் வரவில்லை. அவள் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று சண்டை போடுவார்கள். கணக்கைப் பற்றித்தான். ‘மிஸ், நீங்க போட்டது தப்பு’ என்று கத்துவார்கள். முதலில் கேட்டபோது அடிதடியோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

விதி என்னவென்றால், நிரந்தர ஆள் சேர்ந்தால் தற்காலிக ஆள் போக வேண்டும். ஆனால் ஆறு முதல் எட்டு வரை கணக்குக்கு இன்னொரு இடம் காலி. அங்கிருந்த சார் போன மாதம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கும் பெற்றோர் குழுதான் ஆள் போடும். கன்னியம்மாவுக்கே (இனி க. என்று எழுதுகிறேன்) கிடைக்கும் என்று இருந்தோம். இன்று இன்னொரு மனு. காஞ்சிபுரத்தில் தனியார் பள்ளியில் பத்து வருஷம் நடத்திய அம்மா. ஊரில் செல்வாக்கான வீட்டு மருமகள். எச்.எம். அந்த மனுவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். க. இருப்பாளா போவாளா அன்று தெரியும். இப்போது உட்காருகிறவர்தான் ஜூனிலும் தொடர்வார் என்பது இங்கே வழக்கம்.

கவலையாக இருக்கிறதா என்று க.விடம் கேட்டேன்.

“கவலப்பட்டுக்கினு இருந்தா நோட்ட யாரு டீச்சர் திருத்தறது?”

திருத்திக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி இல்லை. தைலம் மறந்தேன். உளுந்து மறக்கவில்லை, ஊறவைக்கும்போது பார்த்தால் துவரை. வீட்டுக்காரர், “சயின்ஸ் டீச்சர் வீட்ல இதெல்லாம் ஆராய்ச்சி” என்றார். அவர் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் நாள் முழுக்கப் பேச்சாளர்.

ஆராய்ச்சி என்றதும் நினைவு. இன்று நிஜமாகவே ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பிரியா. ஏதோ ஒரு பி.எட். கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு. தலைப்பு இரண்டு வரி நீளம். என் பாஷையில்: எந்த வாசல் வழியாக வேலைக்கு வந்த வாத்தியார் வகுப்பில் உருப்படியாக நடத்துகிறார்? புதனும் வியாழனும் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு படிவம், இருபது வரி, ஒவ்வொரு வரிக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை.

எச்.எம். முகத்தில் திடீர் வெளிச்சம்.

“நல்லதாப் போச்சும்மா. கன்னியம்மா கிளாசையும் பாத்து ஒரு மார்க் போட்டுக் குடுங்க. கமிட்டியில அதையே வெச்சிடலாம். நாளைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.”

“மார்க்க வெளிய குடுக்கக் கூடாது சார். அவங்களே எழுதிக் கேட்டாதான்.”

க.வைக் கூப்பிட்டார்கள். “என் மார்க்க நான் கேக்கறதுக்கு இன்னா சார்” என்று நின்ற வாக்கிலேயே எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து முத்து முத்தாக. என் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர் மட்டும் படிப்பார்.

மதியச் சாப்பாட்டில் நானே ஒரு ஆராய்ச்சி செய்தேன். செலவு: ஒரு காகிதம், அரை வாழைக்காய் வறுவல்.

போட்டித் தேர்வு வழி – இங்கிலீஷ் சார். மகா கெட்டிக்காரர். பாடத்தில் இறங்கிவிட்டால் மணி அடித்தது தெரியாது. பிள்ளைகளுக்கு முதல் நிமிஷத்திலிருந்தே எதுவும் தெரியாது.

பதவி உயர்வு வழி – தமிழ் ஐயா. ஒன்றாம் வகுப்புக்கு இருபது வருஷம் நடத்திவிட்டு மேலே வந்தவர். பத்தாம் வகுப்பு மீசைக்காரன்களையும் ‘கண்ணுங்களா’ என்பார். எல்லோரும் பாஸ்.

அதே பதவி உயர்வு வழி – சமூக அறிவியல் சார். தூங்குவார். அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று பிள்ளைகள் சத்தமில்லாமல் படித்துக்கொள்கிறார்கள். அவர்களும் பாஸ்.

பதிவு மூப்பு வழி – நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுப் பதினாறு வருஷம் காத்திருந்தேன். யாரும் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. என் தகுதி: அதுவரை சாகாமல் இருந்தது.

பெற்றோர் குழு வழி – க.

முடிவு: ஒன்றும் புரியவில்லை. காகிதத்தில் எண்ணெய் ஊறிவிட்டது.

கடைசிப் பாடவேளையில் ஒரு காரியம் செய்தேன். எழுதி வைக்கிறேன், பிறகு நானே மறந்துவிடுவேன்.

அதிகாரி பார்வையிட வரும் நாளுக்கென்று எங்களிடம் ஒரு முறை உண்டு. எனக்கு முந்தியே இருந்தது, எனக்குப் பிந்தியும் இருக்கும். நான்கு பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்போம். கேள்வி கேட்டால் அந்த நால்வர் மட்டும் எழுந்து, முழு வாக்கியத்தில் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் கை கட்டி நிமிர்ந்து உட்கார வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. சந்தேகம் கேட்கவே கூடாது. சந்தேகம் வந்தால் பாடம் புரியவில்லை என்று ஆகிவிடும் அல்லவா.

ஒன்பது பி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: “கன்னியம்மா மிஸ் இங்கயே இருக்கணுமா வேணாமா?”

“இருக்கணும் மிஸ்!”

“அப்போ அவங்க கிளாஸ்ல ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. நாளைலேர்ந்தே பழகுங்க.”

லீடர் தேவி நால்வர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன். க.விடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

பிப்ரவரி 4, புதன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. தைலம் வாங்கியாயிற்று.

முதலில் என்னைப் பார்த்தாள் பிரியா. நான் அமிலம், காரம் எடுத்தேன். வேறு எதை எடுப்பேன்? எந்த அதிகாரி வந்தாலும் அதுதான். செம்பருத்திச் சாறு, எலுமிச்சை, சோப்புத் தண்ணீர், நிறம் மாறும், கைதட்டல். இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து இதைப் பார்க்கிறார்கள். நான் “இதில் எலுமிச்சைச் சாறு…” என்று ஆரம்பிப்பதற்குள் முதல் பெஞ்சு “சிவப்பாகும் மிஸ்” என்றது. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. பிரியா என்னமோ எழுதினாள். என் மார்க்கை எழுதிக் கேட்க எனக்குத் துணிவில்லை.

மூன்றாம் பாடவேளை ஒன்பது பி, தினேஷ். இந்த வாரம் அவரும் க.வும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்: அவர் இயற்கணிதம், அவள் அளவியல். நான் ஜன்னல் ஓரமாக, தோட்டத்துக் குழாயை ரொம்ப நேரம் மூடினேன்.

போர்டில் முத்தாக எழுதினார். ஒரு பிழை இல்லை. அரைப் பலகை முடிந்ததும் எழுந்தான் ஒருவன்: “சார், ஏன் சார் அத அந்தப் பக்கம் கொண்டாரீங்க? கொண்டாராம போட முடியாதா?” அடுத்தவள்: “முடியும் சார், நான் போட்டேன், வேற ஆன்சர் வருது.” மூன்றாமவன்: “ஏய், அவ ஆன்சர் தப்பு சார்.” ரகளை. தினேஷுக்கு வேர்த்தது. ஆனால் பதில் சொன்னார். திணறித் திணறி, தானே ஒரு தடவை அழித்து எழுதி, சொல்லிவிட்டார். பிரியாவின் பேனா நிற்கவே இல்லை.

வெளியே வந்ததும் என்னிடம், “மேடம், கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல பசங்க இவ்ளோ கேள்வி கேப்பாங்களா?”

“பயந்துட்டீங்களா சார்?”

“ஆமா மேடம். ஆனா நல்லா இருந்துச்சு.”

பாவம் நல்ல பிள்ளை. வகுப்பு இப்படிக் கத்தினால் மார்க் எங்கே விழும் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அல்பம். எழுதி வைக்கிறேன்.

மாலையில் க. வந்து என் மேஜை ஓரத்தில் நின்றாள்.

“டீச்சர், நைன் பி பசங்களுக்கு இன்னா ஆச்சு? இன்னைக்கு ஒருத்தரும் வாயே தொறக்கல.”

“பனி. தொண்டை கட்டியிருக்கும்” என்றேன்.

“மொத்த கிளாசுக்குமா?”

“தொத்திக்கும்.”

சயின்ஸ் டீச்சர் சொன்னதால் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

சட்னி அடியில் பிடித்தது. அதற்குப் பிறகு நாள் நிமிரவே இல்லை.

க. வகுப்பு, இரண்டாம் பாடவேளை. முக்கோணத்தின் மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பளவு கண்டுபிடிப்பது. நானும் பிரியா பக்கத்தில் உட்கார்ந்தேன், பெருமையாக.

ஒன்பது பி மாதிரியே இல்லை. நாற்பது பொம்மை. கை கட்டி, முதுகு நேர். க. வேண்டுமென்றே தப்பாக ஒரு வரி எழுதினாள். அது அவள் வழக்கம். பிள்ளைகள் பாய்ந்து விழுவார்கள். இன்று அசைவில்லை. திரும்பிப் பார்த்தாள். “யாருக்கும் ஒண்ணும் தோணலயா?” நால்வரில் ஒருத்தி எழுந்து, “தோணவில்லை மிஸ்” என்று முழு வாக்கியத்தில் சொன்னாள். க. தானே அழித்துத் தானே திருத்தினாள். பிறகு தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொன்னாள். பாதிக்கு மேல் போர்டைப் பார்த்தே பேசினாள். மணி அடித்ததும் டஸ்டரை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனாள்.

மார்க் தாள் எச்.எம். மேஜைக்கு வந்தது. ஓரக்கண்ணால் படித்தேன். ‘மாணவர் தாமாக வினா எழுப்புதல்: 0. தவறான விடைகளை ஆசிரியர் கையாளும் விதம்: 0, வாய்ப்பு எழவில்லை.’ கீழே மொத்தம். பார்க்கச் சகிக்கவில்லை.

தினேஷுக்கு எவ்வளவு என்று பிரியா சொல்லவில்லை. “புது சார் கிளாஸ் ரொம்ப உயிரோட்டமா இருந்தது டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

தேவியைக் கூப்பிட்டேன். “நேத்து தினேஷ் சார் கிளாஸ்ல மட்டும் ஏண்டி கத்தினீங்க?”

“நீங்க கன்னியம்மா மிஸ் கிளாஸ்லதான மிஸ் பேசக் கூடாதுன்னீங்க?” கொஞ்சம் நின்று, “ரொம்ப கஷ்டமா இருந்துச்சு மிஸ். குமாரு வாய்ல கர்ச்சீப் வெச்சிக்கினு குந்திருந்தான்.” பாராட்டுவேன் என்று நின்றாள்.

பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய்ப் பிரியாவைப் பிடித்தேன். முட்டி கழன்றுவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவள் பாவம், நோட்டைத் திறந்து பார்த்து மூடினாள்.

“நான் பாத்தத மட்டும்தான் டீச்சர் எழுத முடியும்.”

“அப்போ நீங்க பாத்தது என்ன?”

“இப்ப எனக்கே தெரியல” என்றாள். பஸ் வந்துவிட்டது.

எனக்கும் புரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன். கேள்வி கேட்கப் பழக்கியது க. கேட்டது தினேஷ் வகுப்பில். மார்க் போட்டித் தேர்வு வழிக்கு. வாயை மூடியது நான். பூஜ்யம் தற்காலிக வழிக்கு. என் செம்பருத்திக்கு விழுந்த மார்க் பதிவு மூப்பு வழிக்கு. இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒருநாள் யாரோ மேடையில் பேசுவார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன்.

நாளைக்குக் கூட்டம்.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில். தலைவலி. நாஷ்டா இறங்கவில்லை.

கூட்டம் மூன்று மணிக்கு, ஆறாம் வகுப்பு அறையில். எட்டு அம்மாக்கள், சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க. குழுத் தலைவி முனியம்மா. ஏரிக்கரைப் பக்கம் வீடு, மகள் எங்கள் ஒன்பது பியில். அறுவடையிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவையில் வைக்கோல். மனு போட்ட இருவரும் வெளியே வேப்ப மரத்தடியில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

எச்.எம். மார்க் தாளைத் திருக்கோயில் தட்டு மாதிரி நீட்டினார். “இது வெளி ஆள் போட்டது. எனக்கு இதுல சம்பந்தமே இல்ல. கன்னியம்மா கிளாஸ் திருப்திகரமா இல்லன்னு வந்திருக்கு.”

“இன்னா சார் இது?” என்றாள் முனியம்மா. “எம் பொண்ணு வூட்ல வந்து கணக்கு போட்டுக்கினே சோறு துன்னுது. திருப்தி இல்லன்னா இன்னா அர்த்தம்?”

“பேப்பர்ல அப்படித்தாம்மா இருக்கு.”

பேப்பர் என்றதும் அம்மாக்கள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று எச்.எம். பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

“அந்த மார்க் என்னால வந்ததும்மா. நான்தான் பசங்கள வாய மூடச் சொன்னேன்.”

“டீச்சர், உக்காருங்க” என்றார் எச்.எம்.

“இருங்க சார்” என்றாள் முனியம்மா. “ஏன் டீச்சரே அப்டி சொன்ன?”

“வெளியாள் வந்தா அப்படித்தான் சொல்வோம்.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

“அப்போ இத்தினி வருசமா வந்து பாத்துட்டுப் போனவங்க எல்லாம் இன்னாத்த பாத்தாங்க?”

எச்.எம். மேலே ஃபேனைப் பார்த்தார். சுற்றவில்லை, கரண்ட் இல்லை. அந்த நேரம் பார்த்து தினேஷ் வாசலில் இருந்து, “சார், நான் ஒண்ணு சொல்லலாமா? என் கிளாஸ் உயிரோட்டமா இருந்ததா சொன்னாங்க. அந்தப் பசங்கள அப்படிக் கேக்க வெச்சது நான் இல்ல சார். நான் அன்னைக்குத்தான் அவங்க மூஞ்சியவே பாத்தேன்” என்றார். தேர்வில் இதற்கு மார்க் வைத்திருக்க மாட்டார்கள்.

முனியம்மா எழுந்து வைக்கோலைத் தட்டினாள். “பேப்பர் வாணாம் சார். திங்கக்கெழம ரெண்டு பேரும் நைன் பில கிளாஸ் எடுக்கட்டும். நாங்க பின்னால குந்திக்கினு பாக்கறோம்.”

“அதுக்கு ரூல்ஸ்…”

“பாக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் கீதா?”

இல்லை போலிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் ஒன்பது பிக்கு ஓடினேன். “எல்லாரும் வாயைத் திறங்க. திங்கட்கிழமை பேசலாம்.”

குமார் கேட்டான்: “எவ்ளோ மிஸ் தெறக்கணும்?”



பிப்ரவரி 8, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். துணி. தலைக்குக் குளித்தேன். டீ நான்கு தடவை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “உன்னை யாராவது கேட்டாங்களா ஒத்தாசை பண்ணுன்னு?” என்றார். கேட்கவில்லை. தமிழ் ஐயாவோ சமூக அறிவியல் சாரோ என்றால் கேட்காமல் செய்திருப்பேனா என்று யோசித்தேன். செய்திருக்க மாட்டேன். அவர்களிடம் போய் ‘உங்கள் வகுப்பை நான் சரி பண்ணிக் கொடுக்கிறேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. க.விடம் ஏன் சொல்லாமலேயே செய்யத் தோன்றியது? தற்காலிகம் என்பதாலா? ஏரிக்கரை என்பதாலா? மாவு பொங்கி வழிந்தது, போய்த் துடைத்தேன்.

முனியம்மா வெள்ளிக்கிழமை மாலையே க. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பனி திரும்ப. பஸ்ஸில் இடம் கிடைத்தது, அதிசயம்.

ஒன்பது பி பின்பெஞ்சில் எட்டு அம்மாக்கள். முதலில் காஞ்சிபுரத்து அம்மா. குறை சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நிதானமான குரல், அழகான போர்டு, படிப்படியாகப் போனார். எனக்கே விகிதம் புரிந்தது. பிள்ளைகள் ‘சரி மிஸ்’ ‘சரி மிஸ்’ என்று கேட்டுக்கொண்டார்கள். அம்மாக்கள் தலையாட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டுத் தலையும்.

பிறகு க. என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. பிறகு போர்டில் ஒரு முக்கோணம் போட்டு, பின்னால் திரும்பி, “முனியம்மா அக்கா, உங்க மனை எப்டி கீது?” என்றாள்.

“முக்கோணமாத்தான் கீது. ஏன்?”

“பக்கம் எத்தினி அடி?”

“முப்பத்தொம்பது, நாப்பத்திரண்டு, நாப்பத்தஞ்சு. எங்க வூட்டுக்காரரு கயிறு புடிச்சி அளந்தாரு.”

பிள்ளைகள் நோட்டில் பாய்ந்தார்கள். முதலில் ஒரு நிமிஷம் பழைய பயம், யாரும் பேசவில்லை. பிறகு குமார்: “மிஸ், எட்டாயிரத்துச் சொச்சம் சதுர அடி!”

“எட்டாயிரமா? அப்போ அக்கா வூட்டு வாசல்ல பஸ் ஸ்டாண்டு கட்டலாம். எங்க தப்பு? யாராச்சும் சொல்லுங்க.”

“சுத்தளவ பாதி பண்ணல மிஸ்! அப்டியே போட்டுட்டான்!” தேவி பெஞ்சு மேல் ஏறிவிட்டாள். “எழுநூத்தி அம்பத்தாறு மிஸ்!”

“சென்ட்ல?”

சண்டை. ஒரு சென்ட் நானூற்று முப்பத்தைந்தா, முப்பத்தாறா. கடைசியில், ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி.

பின்பெஞ்சில் முனியம்மா எழுந்துவிட்டாள். “இன்னா? பட்டாவுல ரெண்டு சென்ட்டுன்னு கீதே! மறுபடி போடு!”

மறுபடி போட்டார்கள். அதே. நூற்றுப் பதினைந்து சதுர அடி குறைகிறது. அவ்வளவுதான், எட்டு அம்மாக்களும் குழு, தீர்மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். “எங்க மனை நாலு பக்கமும் கோணலா கீது, அத எப்டி போடறது?” “குறுக்க ஒரு கோடு போட்டு ரெண்டு முக்கோணமாக்குங்க ஆன்ட்டி!” ஆளுக்கொரு பிள்ளையை இழுத்து வைத்துக்கொண்டு அடி சொல்கிறார்கள். முனியம்மாவின் பங்காளி வேலியை நகர்த்திவிட்டான் என்று ஒரு கட்சி, கயிறு தளர்ந்திருக்கும் என்று ஒரு கட்சி. “கயித்த இளுத்துப் புடிக்கல நைனா அன்னைக்கு!” என்று முனியம்மாவின் மகளே சாட்சி சொன்னாள். மணி அடித்தது யாருக்கும் தெரியவில்லை. எச்.எம். வாசலில் நின்று தன் மனையின் அளவைக் கையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அரை மணி கழித்துக் கை தூக்கினார்கள். க.வுக்கு ஐந்து, காஞ்சிபுரத்து அம்மாவுக்கு மூன்று. மூன்று பேர் காரணம் சொன்னார்கள்: சத்தம் தாங்கவில்லை. நியாயம்தான். காஞ்சிபுரத்து அம்மா க.விடம் வந்து, “நல்லா எடுக்கறீங்க, நான் இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவரையும் பிடித்துவிட்டது. இனி யாரைப் பற்றி வம்பு பேசுவது?

தீர்மானப் புத்தகத்தில் எழுதியது நான். ‘கன்னியம்மா, ஆறு முதல் எட்டு வகுப்புக் கணக்குக்கு.’ எட்டுக் கையெழுத்து. தேதி.

வராந்தாவில் க.வைப் பிடித்தேன். நன்றி சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் ஏன் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன் அல்லவா.

அவள் நின்றாள். புத்தகம், சாக்பீஸ் டப்பா.

“டீச்சர், புதனும் வியாழனும் பசங்க ஒண்ணுமே பேசல. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நான் போறேன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி, போறவகிட்ட இன்னாத்துக்குப் பேசணும்னு வுட்டுடுச்சுங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாளு வூட்ல சோறு துன்னல.”

தீர்மானப் புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

“தொண்டை கட்டியிருக்கும்னீங்க.”

“பொய்தான் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன் கன்னியம்மா. மன்னிச்சிடு.”

“மன்னிப்பு கேட்டாச்சா?”

“கேட்டாச்சு.”

“சரி, தள்ளுங்க. சிக்ஸ்த் காத்துக்கினு கீது.”